9 வோல்ட் பேட்டரியும் அம்மாவின் விரல்களும்

"இ.எஸ்.ஆர். நார்மல்தானே, அப்புறம் என்ன வலி?" முடக்குவாதம் உள்ள என் அம்மாவிடம் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் மூட்டு வீக்கத்தை அடக்கிவிடும். ஆனா வருஷக்கணக்கில் வலியைக் கேட்டுப் பழகிய மூளை, வால்யூமைக் குறைக்க மறுக்கலாம்.

அந்த மூளையை அறுக்காமல் அணுகும் முறைதான் டிடிசிஎஸ். உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச் எலெக்ட்ரோடுகள், 1 முதல் 2 மில்லி ஆம்பியர், சுமார் 20 நிமிஷம். அவ்வளவுதான்.

உடனே உங்க கை 9 வோல்ட் பேட்டரியைத் தேடுதா? என் கையும் தேடியது. வேண்டாம் மக்களே! ஸ்பாஞ்ச் காய்ந்தால் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து தோல் வெந்துவிடும். அதுமட்டுமில்ல, சில நொடிகளில் கரண்டை நிறுத்திவிடும் போலிச் சிகிச்சையிலும் பலருக்கு வலி குறைகிறது. அதனால் இது இன்னும் முழுசா நிரூபணமாகல. மூட்டு தேய்வதையும் இது தடுக்காது, மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஆனா வருஷா வருஷம் கோட்டின் மேல் ஓடும் ரோபோவையே செய்யும் நாம, ரெசிஸ்டன்ஸ் ஏறினால் தானே அணையும் கரண்ட் டிரைவர் ஒன்றை ஏன் செய்யக்கூடாது? ரெசிஸ்டர் மேலயே டெஸ்ட் பண்ணி, நரம்பியல் டாக்டர் ஒருத்தரிடம் காட்டுவோம். தலையில் மாட்டுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

இப்போதைக்கு அம்மாவுக்கு டம்ளருக்குப் பதில் பெரிய கைப்பிடி வைத்த கப் வாங்கித் தந்திருக்கேன்.