எந்த பேட்டரி நல்லது, தாத்தா?

லண்டனில் படிக்கும் என் தங்கை பேரன் பத்து நாள் விடுமுறையில் சைதாப்பேட்டை வந்திருந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் கொடியில் துணி எடுக்கப் போனேன். மாம்பழ வாசனை வந்தது. இது மாம்பழ சீசனும் இல்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான், கையில் பேனாவைவிடச் சற்றுத் தடித்த ஒரு குழாய்.

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். எனக்கு அந்த அருகதை இல்லை. நானே 1994 வரை ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதியவன். அவன்தான் சமாளித்துக்கொண்டு கேட்டான்: "தாத்தா, நீங்க பேட்டரி ரூம்ல வேலை பார்த்தவர்தானே? இதுக்கு எந்த செல் நல்லது?"

முன்பெல்லாம் தூக்கியெறியும் வகையைத்தான் வாங்கினானாம். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டதால், செல் மாற்றி சார்ஜ் செய்கிற இந்த வகைக்கு மாறியிருக்கிறான். பேன்ட் பாக்கெட்டிலிருந்து இரண்டு செல்களை எடுத்துக் காட்டினான். கூடவே வீட்டுச் சாவியும் நாலு நாணயங்களும் வந்தன. எனக்குக் குலை நடுங்கியது.

தொலைபேசி நிலைய பேட்டரி அறையில், தலா 2 வோல்ட் கொண்ட 24 ஈய அமில செல்களை வரிசையாக இணைத்து 48 வோல்ட் எடுப்போம். ஒருநாள் என்னோடு வேலை பார்த்தவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தது. 2 வோல்ட்தான். ஆனால் ஸ்பேனர் சிவந்து ஒட்டிக்கொண்டது. வோல்ட் குறைவு என்று பேட்டரியை எடை போடக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாவியும் நாணயமும் அந்த ஸ்பேனர் செய்த வேலையைச் செய்யும், அதுவும் தொடைக்குப் பக்கத்தில்.

அவன் வைத்திருந்தது 18650 என்கிற வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஒரு செல்லில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. சுத்தப் பொய். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரர்களே சுமார் 3500 வரைதான் எட்டியிருக்கிறார்கள். இன்னொன்று பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியது, 2600. இது பொய்யில்லை, ஆனால் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முழு சார்ஜில் 4.2 வோல்ட். அவன் குழாயில் உள்ள கம்பிச்சுருள் 0.5 ஓம். வகுத்தால் 8 ஆம்பியருக்கு மேல். லேப்டாப் செல்லால் அலுங்காமல் தர முடிவது 5 ஆம்பியர் போல. அதற்கு மேல் இழுத்தால் சூடேறும். கோபால்ட் வகையில் கொள்ளளவு அதிகம், பொறுமை குறைவு. மாங்கனீசு சேர்ந்த வகைகள் அதிக மின்னோட்டத்தைத் தாங்கும். 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர் என்று நேர்மையாக எழுதி விற்கும் செல்கள் உண்டு. இரும்பு பாஸ்பேட் இருப்பதிலேயே சாது. ஆனால் அது 3.2 வோல்ட், அதன் சார்ஜரே வேறு. ஆக, எம்ஏஎச்சைப் பார்க்காதே, ஆம்பியரைக் கேள். மேலுறை கிழிந்திருந்தால் அந்த செல்லைத் தூரப் போடு. அதன் உலோக உடம்பு முழுவதுமே நெகட்டிவ்.

பதில் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, சிகரெட் பிடிப்பவனுக்கு நல்ல தீப்பெட்டி எது என்று சிபாரிசு செய்த மாதிரி ஆகிவிட்டதே என்று. லித்தியம் அயனி பேட்டரிக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2019-இல். அதே ஆண்டுதான் நம் நாட்டில் மின்சிகரெட்டைத் தடை செய்தார்கள். தமிழ்நாடு 2018-லேயே செய்துவிட்டது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் தப்பு. இதையும் அவனிடம் சொன்னேன்.

தடை சரி என்பதே என் கட்சி. நிகோடின் ஒருவனைப் பிடித்தால் விடாது, அனுபவித்தவன் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகப் பிள்ளைகளை அடக்கிவிடக்கூடாது. திருட்டுத்தனமாக விற்பவன் ஆம்பியர் கணக்குச் சொல்லமாட்டான். வீட்டிலும் வாயைத் திறக்க முடியாதென்றால் அவன் 9900-ஐத்தான் நம்புவான். தவிர, இதே செல் நம் வீட்டு டார்ச்சிலும் பவர் பேங்கிலும் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்து கரண்ட் போனபோது இருட்டில் தடவிய பிறகு, நான் வாங்கிய டார்ச்சிலும் இதுதான். ரிச்சி தெருவில் 9900 என்று எழுதியதை நானும் ஒருமுறை வாங்கி ஏமாந்தவன்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த இரண்டு செல்களையும் என்னிடமே விட்டுப் போனான். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவில் சேர்க்க எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் போனில் பேசினான். விட்டுவிட்டானா, நல்ல செல்லாக வாங்கிக்கொண்டானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.