ஆழ்ந்த சிந்தனை என்பது யாது?

நமது இலக்கியக் கூட்டங்களிலே ஒரு பட்டம் மிக மலிவாக வழங்கப்பட்டு வருகிறது. எவர் எளிதில் விளங்காத முறையிற் பேசுகிறாரோ, எவர் பேச்சின் நடுவே கண்களை மூடிச் சிறிது மௌனஞ் சாதிக்கிறாரோ, அவர் 'ஆழ்ந்த சிந்தனையாளர்' எனப் போற்றப்படுகிறார். சபையினர் விளங்காமலே கைதட்டுகின்றனர். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படும் மாணவன் வீடு திரும்பித் தன் அறிவையே நொந்துகொள்கிறான். கலங்கிய குளத்தின் அடி தெரிவதில்லை என்பது உண்மை. அதனால் அக்குளம் ஆழமானதாகிவிடுமா? முழங்காலளவு நீரும் கலக்கினால் அடி காட்டாது.

இத்தகைய பேச்சுப் பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து நிற்பதைக் காணலாம். "உண்மை என்று ஒன்றில்லை, உமது உண்மை உமக்கு, எனது உண்மை எனக்கு" என்பதே அம்முடிவு. இதற்குச் சான்றாக யானையைத் தடவிய குருடர் கதையும் தவறாது எடுத்துரைக்கப்படும். காலைத் தடவியவன் தூண் என்றான். காதைத் தடவியவன் சுளகு என்றான். வாலைப் பிடித்தவன் விளக்குமாறு என்றான். ஆகவே எல்லாருஞ் சரியே என்பர்.

நாம் கேட்பது ஒன்றே. அங்கே யானை நின்றதா, இல்லையா? யானை நின்றது என்பதை அறிந்த ஒருவனன்றி வேறெவனும் இக்கதையைச் சொல்லியிருக்க இயலாது. குருடர் நால்வராயினும் நாற்பதின்மராயினும் யானை ஒன்றே. அவர்களுடைய பிழை கண்ணில்லாமையன்று. தொட்ட இடத்தை விட்டு ஓரடியும் நகராமையும், அடுத்தவனை நோக்கி "நீ எதைத் தொட்டாய்?" என்று கேளாமையுமே அவர்தம் பிழை. யானையைச் சுற்றி நடக்க மறுத்தவனுக்கு இக்கதை புகலிடம் அளிக்காது. அவனைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றும்.

இவர்களுக்கு எதிர்த்திசையில் இன்னொரு சாரார் உளர். உண்மை முழுவதும் முன்னரே உரைக்கப்பட்டுவிட்டது, நமக்குள்ள பணி அதனை மனனஞ் செய்வதே என்பது இவர்கள் கட்சி. பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டென்பதும் என்றும் மாறாத உண்மையாகவே நமக்குப் போதிக்கப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே மறிக்கப்பட்ட மக்கள், அந்த மாறாத உண்மை எவருடைய வசதிக்காக ஆக்கப்பட்டதென்பதை நன்கறிவர். முன்னவர் உண்மையை ஆவியாக்கிவிடுகின்றனர், பின்னவர் கல்லாக்கிவிடுகின்றனர். எனினும் இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: சோதித்துப் பார்க்கும் உழைப்பு வேண்டியதில்லை.

வாதத்தை வானத்தில் விடாது மண்ணுக்குக் கொண்டுவருவோம். நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு பெருந்துயர் இவ்விரு சாராருக்கும் விடை கூறுகிறது.

1934இல் மழை பொய்த்தது. எப்பொழுதும் வேகமாக ஓடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. மகா ஓயா, தெதுறு ஓயாப் பகுதிகளிலே மலேரியாக் காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவியது. அவ்வாண்டின் இறுதியிலிருந்து சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். இப்பொழுது நமது தத்துவவாதிகளை அங்கே அழைத்துச் செல்வோம். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்குந் தாயிடம் "காரணம் அவரவர் நோக்கைப் பொறுத்தது" என்பாரா ஒருவர்? "எல்லாம் முன்னரே எழுதப்பட்டது" என்பாரா மற்றவர்? நோய்க்குக் காரணம் ஒன்று இருந்தது. அதை அறிந்தாலும் அறியாவிட்டாலும் அது கொன்றுகொண்டே இருந்தது. உண்மை நமக்குப் புறத்தே உள்ளது, நமது சம்மதத்திற்காகக் காத்திருப்பதில்லை என்று பொருள்முதல்வாதிகள் கூறுவதன் கருத்து இதுவே.

அவ்வுண்மையை மனிதன் எவ்வாறு அறிந்தான்? மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்துத் துர்நாற்றமே நோயைத் தருகிறது என்று முன்னோர் நம்பினர். அது முற்றிலும் மூடத்தனமன்று. சதுப்பு நிலத்துக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பதை அவர்கள் கண்டிருந்தனர். யானையின் வாலைப் பிடித்திருந்தனர். 1880இல் லவெரான் நோயாளியின் இரத்தத்திலே கிருமியைக் கண்டார். நுளம்புக்கும் இதற்கும் தொடர்பிருக்க வேண்டுமென்று மான்சன் கருதினார். ஆனால் நுளம்பு இறந்து கிடக்கும் நீரைக் குடிப்பதாலேயே நோய் தொற்றுகிறது என எண்ணினார். அவருடைய மாணவர் போன்றிருந்த றொனால்ட் றொஸ் என்பார் ஈராண்டுகள் நுளம்பு நுளம்பாக அறுத்துப் பார்த்தார். அவர் தேடியவை பெரும்பாலும் வேறு இன நுளம்புகளாக இருந்தமையாற் பயன் கிட்டவில்லை. 1897 ஓகஸ்ட் 20இல் செக்கந்தராபாத்திலே உரிய இன நுளம்பின் வயிற்றிற் கிருமியைக் கண்டார். மறுவருடம் கல்கத்தாவிலே பறவைகளை வைத்து ஆராய்ந்து, நுளம்பின் உமிழ்நீர் வழியாகக் கடியினாலேயே நோய் செல்கிறதென்று நிறுவினார். குருவின் கருத்திற் பாதி மெய்யாயிற்று; பாதி வீழ்ந்தது. வீழ்ந்த பாதியைக் குருபக்தியால் அவர் தாங்கிப் பிடிக்கவில்லை.

றொஸ் ஆங்கில ஏகாதிபத்தியத்தின் வைத்திய சேவையைச் சேர்ந்தவர். அதனால் அவர் கண்டது பொய்யாகிவிடவில்லை. ஆயினும் அவர் கண்டதோடு உண்மை முடிந்துவிடவும் இல்லை. 1934இல் நோய் நுளம்பினால் வந்தது. சாவோ எல்லார் வீட்டிலும் ஒரே அளவிற் புகவில்லை. வரட்சியால் விளைச்சல் குன்றி, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் வருவாயும் இழந்து, பசியால் நலிந்திருந்த கிராமத்து ஏழைகளும் அவர்தங் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தோடு உணவையும் சுமந்து சென்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களிற் சிலர் அவர்களுள் இருந்தனர். நுளம்பு காரணம் என்பது மெய். பசியுங் காரணம் என்பது அதனினும் அகன்ற மெய். பின்னது முன்னதைப் பொய்யாக்கவில்லை. யானையைச் சுற்றி நடந்து மறுபக்கத்தையுங் கண்டது.

கதை அங்கும் முடியவில்லை. 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீடுகளில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென நம்பித் தெளிப்பதை நிறுத்தினர், விழிப்புந் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலையும் நுளம்பு பெற்றுவிட்டது. பிழையைக் கண்டு, முறையை மாற்றி, மீண்டும் பல்லாண்டுகள் உழைத்த பின்னரே 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

உண்மை பூரணமானதா, சார்பானதா என்ற வினாவுக்கு விடை இதனுள் அடங்கியிருக்கிறது. நுளம்பும் கிருமியும் பசியும் எவருடைய அபிப்பிராயத்தையும் சாராதவை. அவற்றைப் பற்றிய நமது அறிவோ காலத்தையும் கருவியையும் சார்ந்தது, குறைபாடுடையது, வளர்வது. ஒவ்வொரு சார்பு உண்மையிலும் பூரண உண்மையின் ஒரு துணுக்கு உண்டு. அது வெறுஞ் சார்பானால் மருந்து ஒருவரையும் பிழைப்பித்திராது. அது முழுமையானால் 1969 நேர்ந்திராது. நெப்போலியன் 1821 மே 5இல் இறந்தான் என்பது என்றும் மாறாத உண்மையே. ஆயின் டூரிங்குக்கு எழுதிய மறுப்பில் எங்கெல்ஸ் இவ்வுதாரணத்தையே காட்டி, இத்தகைய அற்ப செய்திகளுக்கு அப்பால் நித்திய உண்மைகளை அடுக்க முனைவோரை எள்ளி நகையாடினார்.

இதுவரை பிறரைச் சாடினோம். நம் வீட்டு முற்றத்தையும் கூட்டவேண்டாமா? 1948 ஓகஸ்டில் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்திலே, பரம்பரையியல் முதலாளித்துவப் போலி விஞ்ஞானம் எனத் தள்ளப்பட்டது. லிசெங்கோவின் கொள்கை மட்டுமே சரியென்று அரசின் ஆதரவோடு நிலைநாட்டப்பட்டது. லிசெங்கோ உழவர் மகன். உலகெங்கும் சென்று பயிர் விதைகளைச் சேகரித்த வவிலொவ் வணிகர் மகன். அவர் 1940இற் கைதாகி, 1943இல் சராத்தொவ் சிறையிலே மடிந்தார். உழவர் மகன் சொன்னதனால் கோதுமை தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. 1960களின் நடுவில் லிசெங்கோவின் அதிகாரம் சரிந்தபோது, ஒரு தலைமுறையின் விஞ்ஞானம் பாழாகியிருந்தது. உண்மையை மறைப்பதில் வர்க்க நலன் உண்டு. உண்மையைத் தேடும் துணிவிலும் வர்க்க நிலை பங்குகொள்ளும். ஆனால் எது உண்மை என்பதைத் தீர்ப்பது சொன்னவனின் வர்க்கமன்று, நடைமுறையே. இதை மறந்தபொழுது பொருள்முதல்வாதம் பேசியவர்களும் சாஸ்திரிகளாயினர்.

ஆகவே ஆழ்ந்த சிந்தனையாளன் எவன்? சொல்பவர் எவரென்று பாராது சொல்லப்பட்டதன் மெய்யைத் தேடுவதே அறிவென வள்ளுவர் வரையறுத்தார். அக்குறளை நாம் மேடைதோறும் ஓதுகிறோம். ஓதிவிட்டுப் பேசுபவர் எவரென்றே பார்க்கிறோம். தன் கருத்து எவ்விடத்திற் பிழைக்கும் என்று தானே தேடுபவன் ஆழ்ந்த சிந்தனையாளன். பிழை வெளிப்பட்டால் அதைத் தன் கூட்டத்தாரின் முன்னிலையிலே ஒப்புக்கொள்பவன் அவன். காரணத்துக்குப் பின்னுள்ள காரணத்தைத் தேடி, நுளம்பிலிருந்து பசிக்கும் பசியிலிருந்து சமுதாய அமைப்புக்கும் நடப்பவன் அவன். தான் கண்டதைச் சாதாரண மக்களுக்கு விளங்கும் மொழியிலே சொல்பவனும் அவனே. ஏனெனில் சோதிக்கப்படுவதற்கு அவன் அஞ்சுவதில்லை.

ஆசிரிய நண்பர்களே, "இதைத்தான் பரீட்சையில் எழுதவேண்டும்" என்று சொல்லிக் குறிப்புகளை ஒப்புவிக்கச் செய்யும்போது, நாம் உண்மையைக் கல்லாக்கிக் கொடுக்கிறோம். மாணவ நண்பர்களே, "அது உங்கள் அபிப்பிராயம்" என்று கூறி விவாதத்தை முடித்துவிடும்போது, நீங்கள் அதை ஆவியாக்கிவிடுகிறீர்கள். "எவ்வாறு தெரியும்?" என்ற ஒரு கேள்வி வகுப்பறையிலே அச்சமின்றி எழட்டும். அது நம்மை நோக்கி எழும்போதும் நாம் முகஞ் சுளியாதிருப்போம். யானை அங்கே நிற்கிறது. சுற்றி நடப்பதற்குக் கால்கள் நமக்கு உண்டு.