போதகரின் வாழ்க்கையை யார் எழுதுவது?

பதுளை நகரில் உள்ள புனித மாற்கு ஆலயம் 1857-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அது ஒரு மனிதரின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் போதகர் அல்லர்; மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. ஊவாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்து வீதிகள் போட்டவர், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845 ஜூன் 7-ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். அவருடைய பெயர் இன்றும் கல்லில் இருக்கிறது.

இதே ஊவா மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் பிரசங்கம் செய்து, தோட்ட லயங்களில் சாவு விழுந்த இராத்திரியில் டோர்ச் லைட்டுடன் ஏறிப் போய், கல்யாணம் நடத்திவைத்து, சண்டை தீர்த்துவைத்து, எண்பது தொண்ணூறு வயதில் கண்ணை மூடிய சிற்றூர்ப் போதகர்களுக்கு என்ன மிஞ்சியது? பெரும்பாலும் ஒரு மரண அறிவித்தல். அதில் அன்னார் இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் அன்புத் தந்தை, கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் மாமனார், பேரப்பிள்ளைகளின் தாத்தா என்று உறவுகள் வரிசையாக வரும். ஊழியம் செய்த நாற்பது வருடத்துக்கு ஒரு வரி கிடைக்கும். மறுநாள் அந்தப் பேப்பரில் கடைக்காரர் சாமான் சுற்றிக் கொடுப்பார்.

பப்டிஸ்ட் போதகர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதலாக நேர்கிறது. காரணம் அந்தச் சபையின் அமைப்பிலேயே இருக்கிறது. 1812-இல் ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் வந்து இறங்கியதிலிருந்து இலங்கையில் பப்டிஸ்ட் ஊழியம் நடக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஆயர் கிடையாது, ஆயர் இல்லப் பதிவறையும் கிடையாது. சபைதான் போதகரை அழைக்கிறது, சபைதான் அவரைத் தாங்குகிறது. மெதடிஸ்த போதகருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். பப்டிஸ்ட் போதகரோ ஒரே ஊரில் வாழ்நாள் முழுவதும் இருந்துவிடலாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமும் அங்கு இல்லை. விவரம் தெரிந்தவர் தாமாக முன்வந்து முழுக்கு எடுக்க வேண்டும். ஆகவே குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவேடும் இல்லை; எந்த வீட்டுப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் தலைக்குள்தான் இருந்தது. சபையார் கலைந்து போனால் அவர் கதையும் கலைந்தது.

அப்படித்தான் கலைந்தார்கள். 1930-இல் பசறைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து போதகரான ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பதினெட்டு வயதில், 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய சனமான மலையகத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. முப்பத்து நான்கு வயதில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். அவருடைய வாங்குகளில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் பெட்டி கட்டித் தலைமன்னாருக்கு ரயிலேறின. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி. 1973, 1974-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. அந்தக் குழிகளின் பக்கத்தில் நின்று ஜெபித்தவர்கள் போதகர்களும்தான். 1983 ஜூலையில் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்கு எழுபத்து மூன்று வயது. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எண்பத்து நான்கு. பேராசிரியர்கள் பத்து நூல்களில் தேடுவதை இவர் ஒரே உடம்பில் சுமந்திருப்பார்.

தமிழ்நாட்டில் ஒரு பப்டிஸ்ட் குடும்பத்துக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஸ்டிரிக்ட் பப்டிஸ்ட் மிஷனரி, மனைவி எவ்லினோடு 1913-இல் குடியேறினார். வீடு கட்டினார், மருந்து கொடுத்தார், காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார். 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்தபோது மகன் போல் லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா முன்னமே எழுதிக் கப்பலில் போட்ட கடிதங்கள் அதற்குப் பிறகும் அவன் கைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் போல் பிராண்ட். தாய் எவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய், 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? மகன் எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் தாயைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் கொல்லிமலையில் அவர்களோடு நடந்த தமிழ் ஊழியர்களுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1854-இல் கண்டியைச் சுற்றித் தோட்ட மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களுக்கும் கிடைக்கவில்லை. ஊவாவுக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி சாமுவேல் லாங்டன் 1890-இல் தம் ஊழியத்தைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். அவரோடு உழைத்தவர்களின் சொந்த வாய்மொழியை யாரும் கேட்டு வைக்கவில்லை. இது தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யாருடைய வாழ்க்கை எழுதத் தகுந்தது என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கணக்கை நாமும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

கத்தோலிக்கர் இதில் ஒரு படி முன்னே இருக்கிறார்கள். கண்டி ஆயர் பதவியை விட்டு, 1972-இல் புதிதாக உருவான சிறிய பதுளை மறைமாவட்டத்துக்கு வந்த லியோ நாணயக்காரவையும், 1987 நவம்பர் 10-ஆம் திகதி புத்தலயில் சுட்டுக் கொல்லப்பட்ட மைக்கேல் றொட்ரிகோ அடிகளாரையும் ஊவா இன்றும் பேசுகிறது. பேச வேண்டியவர்கள்தான். ஆனால் கொல்லப்படாமல், பதவி வகிக்காமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்து முடித்தவரும் பேசப்பட வேண்டியவரே.

குடும்பஸ்தர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றூர்ப் போதகரின் ஊழியம் அரைவாசி அவர் வீட்டு அடுப்படியில் நடந்தது. கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளத்தில், மத்தியானம் வாசலில் வந்து நிற்கிறவருக்கும் சேர்த்து உலை வைத்தவர் பாஸ்டர் அம்மா. பிள்ளைகள் பாடசாலையில் “பாஸ்டர் மகன்” என்ற பாரத்தோடு வளர்ந்தார்கள். அவர்களில் சிலருக்கு அப்பாமேல் இன்னும் தீராத கோபம் இருக்கலாம். அதையும் எழுத வேண்டும். வெறும் புகழுரையாக வரும் நினைவு மலரால் யாருக்கும் பயனில்லை. சபைக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருந்தது, துரைமாருக்கு முன்னால் போதகர் எங்கே பேசினார், எங்கே பேசாமல் விட்டார் என்பதும் வந்தால்தான் அது ஒரு மனிதரின் கதையாகும்.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. பல மலர்களை நூலகம் நிறுவனம் மின்வடிவாக்கி இணையத்தில் எவரும் படிக்க வைத்திருக்கிறது. அந்த வழக்கம் பதுளைக்கும் வரட்டும். தொண்ணூறு வயதுப் போதகர் இன்னும் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர் போய்விட்டார் என்றால் பிரசங்கக் குறிப்புக் கொப்பிகளையும், சபைக்கூட்டக் குறிப்பேட்டையும், கூடலூரிலிருந்து வந்த பழைய கடுதாசிகளையும் கறையான் அரிக்குமுன் படமெடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.