துளை சிறிது; துணிவு பெரிது

“வரலாறு படிக்கும் உனக்கு வயிற்று அறுவையைப் பற்றி எழுத என்ன தகுதி?” நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் விடுதி நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் செருமானிய அறுவை மருத்துவர்களும் ஒருகாலத்தில் ஒருவரைப் பார்த்துக் கேட்டார்கள். கேள்வி கேட்டதில் தவறில்லை. விடைக்குக் காத்திராமல் தீர்ப்பு வழங்கியதுதான் தவறு என்பது என் கருத்து.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அடிவயிற்றின் வலப்புறம், சுண்டுவிரல் போலத் தொங்கும் சிறு குழலே குடல்வால். அதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமிகள் பெருகும், குழல் வீங்கும், கவனியாது விட்டால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்று நாம் கேள்விப்படும் நோய் இதுதான். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கி நிலைத்துவிட்டால், சூட்டு வலி என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டு காலங்கடத்தலாகாது.

இந்நோய்க்கு இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ரெஜினால்ட் ஃபிட்ஸ். அதற்கு முன் மருத்துவர்கள் பெரும்பாலும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியையே பழித்து வந்தனர். குற்றவாளி குடல்வாலே என்று 1886-இல் அவர் எடுத்துக்காட்டினார். காலத்தே அதை அகற்றிவிட வேண்டும் என்றும் வாதாடினார். அவர் கத்தி பிடிக்கும் அறுவை மருத்துவர் அல்லர். நோய்க்கூற்றியல் பேராசிரியர் என்பதை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். பின்னர் 1894-இல் நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி, வயிற்றுத் தசையைக் குறுக்கே வெட்டாமல் நாரோட்டத்தின் வழியே விலக்கித் திறக்கும் முறையை வெளியிட்டார். எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால், விரலளவுக் குழலை எடுக்க வயிற்றைத் திறக்கத்தான் வேண்டுமா? இக்கேள்விக்குச் செயலால் விடை சொன்னவர் கர்ட் செம். செருமனியின் வடகோடித் துறைமுக நகரமான கீலில், பல்கலைக்கழகப் பெண்கள் மருத்துவமனைத் தலைவர். மகப்பேறு, பெண்நோய்த் துறையினர். இளமையில் கருவி செய்யும் தொழிலைக் கற்றவர். 1980-இல் அவர் சிறு துளைகளின் வழியாகவே ஒரு குடல்வாலை அகற்றிக் காட்டினார்.

முறை இதுதான். தொப்புளருகே ஒரு துளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். வயிற்றுச் சுவர் கூடாரம்போல் உயரும். உள்ளே பார்க்கவும் கைவேலை செய்யவும் இடம் கிடைக்கும். ஒளியுடன் கூடிய குழல்நோக்கி ஒரு துளையில். மெல்லிய கருவிகள் வேறு ஓரிரு துளைகளில். குடல்வாலின் அடியைக் கட்டி, வெட்டி, துளை வழியே வெளியே எடுத்துவிடுவார்கள். வாயுவின் அழுத்தத்தைத் தானே சீராக வைத்திருக்கும் பொறியையும், மாணவர்கள் கைப்பழக்கம் பெறுவதற்கான பயிற்சிப் பெட்டியையும்கூடச் செம் உருவாக்கினார். பட்டறையில் பழகிய கைகள் அல்லவா!

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? முன்னரே, அவர் குழல்நோக்கி வழியே அறுவை செய்யத் தலைப்பட்டபோது, மூளையைப் படமெடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி உடன் பணியாற்றியோரே கூறினர். குடல்வால் அறுவையைப் பற்றி அவர் உரையாற்றிய பிறகு, அவரை மருத்துவத் தொழிலிலிருந்தே விலக்கிவைக்க வேண்டும் என்று செருமானிய அறுவை மருத்துவர் சங்கத் தலைவர் எழுதினார். நெறிக்கு மாறானது என்று அவருடைய கட்டுரையை அமெரிக்க ஏடொன்று திருப்பி அனுப்பியது. 1983-இல்தான் அது வேறோர் ஏட்டில் அச்சேறியது.

எதிர்த்தவர்கள் அனைவரும் பொறாமைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிறு துளை வழியே வேலை செய்யும்போது உள்ளே குருதி பெருகினால் என்ன செய்வது என்று அஞ்சுவது மருத்துவரின் கடமை. புதுமை என்பதற்காகவே ஒன்றை நோயாளியின் உடலில் சோதிக்க இசைவதும் பேதைமை. ஆதாரம் கொண்டு வா என்று அவர்கள் கேட்டிருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். அவர்களோ ஆளையே அகற்றப் பார்த்தார்கள்!

ஆதாரம் பின்னர் வந்தது. இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நடந்தன. துளை முறையில் காயம் சீழ்ப்பிடிப்பது குறைவு, வலி குறைவு, நோயாளி விரைவில் வேலைக்குத் திரும்புகிறார் என்று அவை காட்டின. அறுவைக்கு நேரமும் செலவும் கூடுதல் என்பதையும் அவை மறைக்கவில்லை. உலக அவசர அறுவை மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள், கருவியும் கைத்திறனும் உள்ள இடங்களில் துளை முறையையே முதலில் பரிந்துரைக்கின்றன. அவை இல்லாத இடத்தில் மக்பர்னி வழிவந்த முறை இன்றும் உயிர் காக்கும். நாளை பெருநகருக்குப் போய்த் துளை முறையில் செய்துகொள்வோம் என்று வெடிக்கவிருக்கும் குடல்வாலுடன் காத்திருப்பது அறிவுடைமையன்று.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இந்நோயின் வரலாற்றில் இரண்டு முறை வழிகாட்டியவர் அடுத்த துறைக்காரர்: முன்னவர் நோய்க்கூற்றியலார், பின்னவர் பெண்நோய் மருத்துவர். நம் கல்லூரியிலும் துறைக்குத் துறை சுவர் உண்டு. வரலாற்று மாணவன் விலங்கியல் கருத்தரங்கில் ஐயம் எழுப்பினால் சிரிப்பொலி எழுகிறது. அறிவியல் மாணவர் கவிதையைப் பற்றிப் பேசினாலும் அதே சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். சொன்னது தவறென்றால் தவறென்று காட்டுவோம். சொன்னவன் எந்தத் துறை என்று கேட்டு வாயடைக்க வேண்டாம். ஆசிரியப் பெருமக்களும் இதற்குத் துணைநிற்க வேண்டுகிறேன்.

செம் 2003-இல் மறைந்தார். ஏளனம் செய்தவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்று அரியர். நாளை நம்மிடையே ஒரு செம் எழுந்து பேசும்போது, நாம் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கப் போகிறோம்?