பிள்ளைகளின் தூக்கத்தில் கைவைக்க வேண்டாம்

காலை ஆறரை மணிக்குப் பெங்களூருவின் மாரத்தஹள்ளிப் பக்கமோ சர்ஜாபூர் சாலையிலோ போனால், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் சீருடைப் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். ஏறி உட்கார்ந்ததுமே தலை ஜன்னலில் சாய்ந்துவிடுகிறது. பாதி இட்லியோடு எழுந்து ஓடி வந்தவர்களும் உண்டு, வெறும் வயிற்றோடு வந்தவர்களும் உண்டு. தினமும் பார்த்துப் பழகிவிட்டதால் இது ஒரு குறையாகவே நமக்குத் தெரிவதில்லை.

6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினர் 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பள்ளி 8 மணிக்கு, வேன் 6.45-க்கு என்றால் ஆறு மணிக்குள் எழுந்தாக வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை குறைந்தபட்சத் தூக்கத்தைப் பெறுவதற்கே இரவு ஒன்பதுக்குக் கண்ணயர வேண்டும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து அப்பாவும் அம்மாவும் வீடு சேர்வதே பல குடும்பங்களில் அந்த நேரத்துக்குத்தான்.

2022-ல் போக்குவரத்துத் தரவு நிறுவனமான டாம்டாம் எடுத்த கணக்கில், பெங்களூரு நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. இந்த நெரிசலை ஒட்டித்தான் பள்ளி நேரம் பற்றிய பேச்சே இங்கு எழுந்தது. நேரத்தை மாற்றுவது குறித்து ஆராயும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் 2023-ல் மாநில அரசிடம் கூறியது. கல்வித் துறை ஆலோசனைக் கூட்டம் நடத்தியது. இன்னும் முன்னதாகப் பள்ளியைத் தொடங்கும் யோசனையைத் தனியார் பள்ளிச் சங்கங்களும் பெற்றோரும் எதிர்த்தனர். பேச்சு அதோடு நின்றது. நின்றது நல்லதே. ஆனால் அன்று விவாதம் சாலையிலிருந்து தொடங்கியது. அது பிள்ளையின் உடம்பிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

‘சீக்கிரம் தூங்கினால் சீக்கிரம் எழலாமே’ என்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு ஓரளவு பொருந்தும். பருவ வயதிலோ தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராததற்குக் கைப்பேசியும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமல்ல. அதனால்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-லேயே சொன்னது. கலிபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 முதல் இதுவே சட்டம். பக்கத்து மகாராஷ்டிரமும் நான்காம் வகுப்பு வரையிலான பள்ளிகள் 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2024-ல் ஆணையிட்டது.

கர்நாடகத்தில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் 9.30-க்கு மேல்தான் தொடங்குகின்றன. 2013-ல் வந்த க்ஷீர பாக்யா திட்டத்தில் அங்கே பாலும் கிடைக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளைதான் அரைத் தூக்கத்தில், அரை வயிற்றில் முதல் பாடவேளைக்கு உட்காருகிறது.

பள்ளி தாமதமானால் அலுவலக நேர நெரிசலில் மாட்டும், வேலைக்குப் போகும் பெற்றோர் திண்டாடுவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, வட்டாரவாரியாக நேரத்தைப் பிரித்து வைப்பது, பிள்ளைக்கு ஒரு கார் என்பதைக் குறைத்துப் பள்ளிப் பேருந்துகளைக் கூட்டுவது, பி.எம்.டி.சி. மாநகரப் பேருந்துகளையும் இதற்குத் திருப்பிவிடுவது; வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் துணிவது. முன்னதாக வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்காகப் பள்ளி வாசல் சீக்கிரம் திறந்திருக்கட்டும். பாடம் மட்டும் தாமதமாகத் தொடங்கட்டும்.

நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன்பும், அதற்கு மேல் 8.30-க்கு முன்பும் எந்தப் பள்ளியிலும் பாடம் தொடங்கக் கூடாது என்று மாநில அரசு வரும் கல்வியாண்டுக்கு முன் ஆணையிட வேண்டும். சாலை நெரிசலை உண்டாக்கியது பெரியவர்களாகிய நாம். அதற்கான விலையைப் பிள்ளைகளின் தூக்கத்திலிருந்து எடுப்பது அநீதி.