புற்றுக்குப் பால் வார்த்தது போதும்!

நாகர்கோவிலுக்குப் பெயர் கொடுத்தது நாகராஜா கோவில். அங்கே மண்ணையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அந்த மண் வியாதியைத் தீர்க்குமென்று பட்டம் பெற்றவர்களும் பயபக்தியோடு வாங்கி மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். பாம்புப் புற்றுக்குப் பால் வார்க்கிற இந்த ஜனங்களுக்குள்தான் புற்றுநோய் என்னும் மற்றொரு புற்று, கிழவர்களோடு வாலிபர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. இதற்கு நம்மவர்கள் சொல்லும் காரணமென்ன? இந்துவானால் நாகதோஷம், முன்ஜென்மப் பாவம் என்கிறார். கிறிஸ்தவரானால் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி, சுகமளிக்கும் கூட்டத்துக்கு எண்ணெய் தடவிக்கொள்ளப் போகிறார். முஸ்லிமானால் எழுதினபடி நடக்கிறது என்கிறார். மதம் மூன்றானாலும் பதில் ஒன்றுதான்: "நம் கையில் ஒன்றுமில்லை."

நாம் கேட்பது சிறிய கேள்வி. எத்தனை பேர் செத்தார்கள்? எந்த வயதில்? எந்த ஊரில்? எந்த உறுப்பில் வந்த புற்றால்? பத்து வருஷத்துக்கு முன் எத்தனை, இப்போது எத்தனை? இதைக் கேட்காத வரையில் விதி என்பது பிழைத்துக்கொண்டே இருக்கும். ஏனென்றால் விதி என்பது, கணக்குப் பார்க்காத இடத்துக்கு வைதீகர்கள் வைத்த பெயரேயல்லாமல் வேறல்ல.

இது நம்முடைய கற்பனையல்ல. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் மலையேறப் போன டாக்டர் சோமர்வெல் வந்து பல வருஷம் வேலை செய்தார். இங்குள்ள ஜனங்களின் வாய்ப்புற்றைப் பார்த்துப் பார்த்து அறுத்தவர் அவர். திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி டாக்டர் ஆர் என்பவர் 1933-லேயே 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைக் கன்னத்தில் அடக்குகிறவனுக்கே அந்தக் கன்னத்தில் புண் அதிகம் வருகிறதென்றால், விதிக்குப் புகையிலை வாசனை எப்படிப் பிடித்தது? பிரம்மா தலையில் எழுதினானா, கன்னத்தில் எழுதினானா? வைதீகர்கள் பதில் சொல்லட்டும்.

நிற்க, கணக்கு என்றால் திண்ணையில் உட்கார்ந்து, "எங்கள் தெருவில் மூன்று பேர் போய்விட்டார்கள்" என்று சொல்வதல்ல. பதினாயிரம் பேருள்ள ஊரில் 20 சாவு, நாற்பதாயிரம் பேருள்ள ஊரில் 40 சாவு என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 40 பெரிது. லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் முதல் ஊரில் 200, இரண்டாம் ஊரில் 100. வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குமரி ஜில்லாவில் பிள்ளைகள் குறைவு, நீண்ட ஆயுள்காரர் அதிகம், வாலிபர்களில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். கிழவர்கள் கூடினால் புற்றுச்சாவும் மொத்தத்தில் கூடத்தான் செய்யும். ஆகையால் இருபத்தைந்து முதல் ஐம்பது வயதுள்ளவர்களை அதே வயதுக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும். சிறிய ஊரில் ஒரு வருஷம் மூன்று சாவு, மறு வருஷம் ஒன்றுமில்லை என்றிருக்கும். ஐந்து வருஷம் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். சோதனை அதிகமானால் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளின் எண்ணிக்கையும் அதிகமாகும். ஆகவே நோயின் கணக்கோடு சாவின் கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். இது பெரிய கணித சாஸ்திரமல்ல. 2011 ஜனக்கணக்கில் நூற்றுக்கு 91-க்கு மேல் எழுத்தறிந்து தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற ஜில்லாவுக்கு இது புரியாதா?

மணவாளக்குறிச்சி மணலையே பாருங்கள். அங்கே மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். அதிலுள்ள தோரியம் கதிர் வீசுகிறது. "எல்லாப் புற்றும் மணலால்தான்" என்கிறார் ஒருவர். "பயமே வேண்டாம்" என்கிறார் உத்தியோகஸ்தர். கணக்கைக் காட்டாமல் பேசினால் இருவர் பேச்சும் ஒன்றேதான். இதே மணலுள்ள கொல்லம் ஜில்லாக் கருநாகப்பள்ளியில் என்ன செய்தார்கள்? 1990-ல் பதிவேடு தொடங்கி, வீடு வீடாகக் கதிரை அளந்து, முப்பது முதல் எண்பத்து நான்கு வயதுள்ள 69,958 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். மண்ணின் கதிரால் புற்று கூடினதாகத் தெரியவில்லையென்று 2009-ல் வெளியிட்டார்கள். அந்த முடிவை அப்படியே தூக்கி வந்து மணவாளக்குறிச்சியில் ஒட்டிவிடலாமென்று நாம் சொல்லவில்லை. அந்த உழைப்பு குமரிக்கரை மீனவனுக்கும் வேண்டுமென்கிறோம். மணலை டன் கணக்கில் எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு மனிதனை எண்ணத் தெரியாதா?

சர்க்காரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகளின் யோக்கியதை என்ன? புற்றென்று வெளியே தெரிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்களென்று மறைக்கிறோம். மார்பில் கட்டி கண்ட பெண் வெட்கத்தால் சொல்லாமலே ஆறு மாதம் போக்குகிறாள். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டுகிறாள். செத்த பிறகு "மாரடைப்பு" என்று எழுதி வைக்கிறோம். எந்த மனிதன் மார் நிற்காமல் செத்தான்? பொய்க் காரணம் எழுதின ஒவ்வொரு சாவும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டிய எச்சரிக்கையைக் குழியில் போட்டு மூடுவதாகும்.

கணக்கெடுத்தால் என்ன ஆகுமென்பதற்கு அத்தாட்சி உண்டு. திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ம் வருஷம் முதல், முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுள்ள பெண்களுக்குப் பழக்கப்பட்ட நர்சுகள் கருப்பை வாயில் வினிகர்ச் சத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். சோதிக்கப்படாத ஊர்களைவிட அங்கே அந்தப் புற்றால் சாவு நூற்றுக்கு 35 குறைந்ததென்று 2007-ல் தெரிந்தது. அதிலும் அதிகப் பலன் முப்பது முதல் முப்பத்தொன்பது வயதுப் பெண்களுக்கே! பக்கத்துத் திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996 முதல் சுகாதார ஊழியர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, குடிப் பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றிலொரு பங்கு குறைந்தது. இதைச் செய்தது எந்த நாகராஜா? எந்தப் பரிகாரம்?

ஆகவே நாம் வேண்டுவன இவை. அடையாறு புற்றுநோய் நிலையத்தார் 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு நடத்துகிறார்கள். அந்தக் கணக்கு ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும், ஆளின் பெயரில்லாமல், தமிழில், ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசுச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் வைத்தியர் எழுதின மெய்யான காரணம் பதிவாக வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் கதிரும் நோயும் சேர்த்து அளக்கப்பட வேண்டும். வாயையும் மார்பையும் கருப்பை வாயையும் பார்க்கும் சோதனை கிராமத்துக்கே வரவேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தார். விதியென்று தர்ப்பணம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் 1954-ல் அடையாற்றில் ஆஸ்பத்திரி எழுந்திருக்குமா? தோழர்களே! உங்கள் வீட்டில் ஒருவர் புற்றால் செத்தால் மெய்யான காரணத்தைத் தைரியமாக எழுதி வையுங்கள். வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் கண்டால், "இந்த வயதில் வருமா?" என்று கேட்டு நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் போங்கள். பாம்புக்கு வார்க்கும் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.