கூடவே வரும் நாலு கால் நண்பன்

கொடைக்கானல் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்குகிறவர்களுக்கு, கூப்பிடாமலே துணைக்கு வருபவை ஊர் நாய்கள். ஒரு பிஸ்கட் போட்டால் போதும், பாறை வரை வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால், அந்த நட்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், தெருவிலேயே காட்டுமாடுகள் நடமாடுகின்றன. பெரிய காளை 1,000 கிலோ வரை இருக்கும். மனிதர் ஒதுங்கி நின்றால், பெரும்பாலும் அது தன் வழியில் போய்விடும். நாய் குரைத்தால் கதையே வேறு. துரத்தப்படும் நாய் யாரிடம் ஓடி வரும்? பிஸ்கட் போட்டவரிடம்தான்! பின்னாலேயே காட்டுமாடும் வரும்.

காட்டுக்கும் நல்லதல்ல. வெறிநோய், டிஸ்டெம்பர் போன்றவை நாய்களிடமிருந்து செந்நாய்களுக்குப் பரவக்கூடும். சுற்றியுள்ள காடு 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் செல்ல வனத்துறை அனுமதி தேவை. நாயோடு நுழையும் இடமல்ல அது.

வீட்டு நாயோடு நடக்க ஆசையா? காட்டை ஒட்டாத சாலையாகப் பாருங்கள். தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுங்கள். கயிற்றை அவிழ்க்காதீர்கள். பகலிலேயே திரும்பிவிடுங்கள். வந்ததும் காது மடல், விரல் இடுக்குகளில் உண்ணியும் அட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர் நாய்க்குப் பிஸ்கட் போட வேண்டுமா? நடந்து முடித்துத் திரும்பிய பிறகு, ஊருக்குள் போடுங்கள். அதுவும் பிழைக்கும், நீங்களும் நிம்மதியாக நடக்கலாம்.